எல்லாக் கல்யாணத்திலும் ஒரே பெண்

ஜனவரி 3, 2006, செவ்வாய்

அக்காவின் பிரசவம் முடிந்து இன்றுதான் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஆஸ்பத்திரி, கஞ்சி, துணி அலசல், அவள் மாமியார்க்காரியின் முறைப்பு, போதும்டா சாமி. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க வந்ததுகூட இன்றைக்கு சுகமாக இருந்தது.

இங்கே நாங்கள் மூன்றே பேர். கேமரா பிடிப்பது சீனு அண்ணன், கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது நான், கல்யாண வீட்டுக்காரர்களிடம் சிரிப்பது முதலாளி பூவராகவன் சார். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால், முடித்த கல்யாணங்களை எல்லாம் ஒழுங்காக எடுத்து வைக்கிற வேலை வருஷா வருஷம் இந்த மாசத்தில்தான். இந்தத் தடவை நான் லீவில் போனதால் சாரே உட்கார்ந்து முடித்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எல்லாத்தையும் பெரிய டிஸ்க்ல ஏத்தியாச்சு கலை. பழைய டிஸ்கெல்லாம் தொடச்சு வெச்சுட்டேன். தை பொறந்தா நேரா வேலையை ஆரம்பிக்கலாம்."

வழக்கமாக ஒரு கல்யாணம் முடிந்ததும் கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முக்கியமான சடங்குகளை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வோம். கல்யாணக்காரர் பேரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் மாலை, ஊஞ்சல், தாலி, மெட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. யார் கல்யாணமாக இருந்தாலும் உள்ளே இதே பேர்கள்தான். இந்த ஊரில் தாலி இல்லாத கல்யாணம் எது?

சார் இப்போது அதை மாற்றிவிட்டாராம். எல்லாக் கல்யாணத்து ஊஞ்சலும் ஒரே ஃபோல்டரில், எல்லாத் தாலியும் இன்னொரு ஃபோல்டரில். "ஊஞ்சல் எப்படி எடுப்பேள்னு யாராவது கேட்டா, அந்த ஒண்ணைத் திறந்து காட்டினாப் போறும். எடம் வேற எவ்ளோ மிச்சம் தெரியுமோ!"

நல்லாருக்கு சார் என்று சொல்லிவிட்டு அக்காவுக்குப் பையன் பிறந்ததற்கான ஜாங்கிரியை நீட்டினேன். மூன்று எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 5, வியாழன்

ஒரு பெண் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவள் இருப்பாள். பேர் ஏலவார்குழலி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். சார் வெளியே போயிருந்தார்.

"அக்கா, ரெண்டாயிரத்து ரெண்டுல கூரத்துல ஒரு சின்னக் கோயில்ல எனக்குக் கல்யாணம் ஆச்சு. உங்க ஸ்டுடியோலதான் வீடியோ எடுத்தாங்க. அது இருக்குதாக்கா?"

நான் இங்கே சேர்ந்தது 2003-ல். இருந்தாலும் பழைய ஆள் செய்த வேலை எல்லாம் டிஸ்கில் இருப்பது எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டேன். மடமடவென்று சொன்னாள், அழவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது போல.

புருஷன் பேர் வீரபத்திரன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன். இவள் அப்பா அந்தக் கடைக்குத்தான் கூலிக்கு நெய்கிறார். அவன் வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷம் தனியாக வாடகை வீட்டில் இருந்தார்கள். போன ஆடியில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவன்தான். போகும்போது கல்யாண ஆல்பம், சிடி, எல்லாம் அவன் பையில் போயிருக்கிறது. இவள் அதைப் பிறகுதான் பார்த்திருக்கிறாள். இப்போது அவனுக்கு ஆரணியில் பெண் பார்த்து, பிப்ரவரி பத்தாம் தேதி முகூர்த்தம்.

"கேசு போட்டிருக்கேன்கா. சேர்ந்து இருந்தாங்க, அத இல்லன்னு சொல்லலன்றாங்க அவர் வீட்டுல. வச்சிருந்தான், கட்டலன்றாங்க. அவர் ஃப்ரெண்டுங்க ரெண்டு பேரு வந்தாங்க அன்னிக்கு, இப்ப நாங்க வரவே இல்லன்றாங்க. எங்கம்மா சொன்னா, பெத்தவ அப்படித்தான் சொல்லுவான்றாங்க. வக்கீல் மேடம் சொல்லிட்டாங்க, தாலி கட்டினது ஒரு நிமிசம் இருந்தாலும் போதும்னு."

எனக்கு ரத்தம் கொதித்தது. வச்சிருந்தானாம்! அந்த வார்த்தையைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், படித்த வக்கீலை வைத்து.

"எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. நாளைக்கு வா, சிடி போட்டே குடுத்துடறேன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

ஜனவரி 6, வெள்ளி

எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் போனதும் குழலியின் கல்யாணத்தை வெட்டி ஒட்டின வரிசைக் கோப்பைத் திறந்தேன். கோப்புகள் எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்டது. சாரின் புது ஃபோல்டரைக் காட்டினேன். சமர்த்தாக எல்லாம் வந்து உட்கார்ந்தது. ரோஜா இதழ் கொட்டுகிறது, அதன் நடுவில் தங்க எழுத்தில் வீரபத்திரன் - ஏலவார்குழலி. அடுத்து தாலி.

மண்டபம். சீரியல் விளக்கு. மடிசார் கட்டிய பெண் ஒருத்தி அப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கூரத்துச் சின்னக் கோயில் எங்கே, மடிசார் எங்கே? எனக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். மானஸா, ஓரிக்கைக்காரர்கள், போன ஆவணியில் நான்தான் எடிட் பண்ணினேன். தப்பான கோப்பைக் காட்டிவிட்டேன் போல என்று தாலி ஃபோல்டரைத் திறந்தேன்.

ஒரே ஒரு கோப்பு. தாலி. அவ்வளவுதான்.

ஊஞ்சல் ஃபோல்டர், ஒரு கோப்பு. மாலை, ஒன்று. மெட்டி, ஒன்று. ஐயோ. ஐயோ சார், என்ன பண்ணீங்க?

ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்தேன். பிள்ளையார்பாளையத்து வாத்தியார் பெண் கல்யாணம். தலைப்பில் அவள் பேர், உள்ளே மானஸா. வாலாஜாபாத் டாக்டர் கல்யாணம், மானஸா. சர்ச்சில் எடுத்த கல்யாணம் ஒன்று, மோதிரம் போடுவது ஒழுங்காக வருகிறது, மாலை மாற்றுகிற இடம் வந்ததும் மடிசாரோடு மானஸா! எத்தனை வீட்டுக் கல்யாணம் இந்த டிஸ்கில் இருக்கிறதோ அத்தனையிலும் அவள்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். ஒரே பேரில் வந்த கோப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, முன்னதை அழித்து, கடைசியாக ஏறியது மட்டும் நின்றிருக்கிறது.

சார் வந்தார். காட்டினேன். நம்பவில்லை. மவுஸை என் கையிலிருந்து பிடுங்கி அவரே திறந்து திறந்து பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் என்னமோ கேட்டுண்டே இருந்துது கலை. எல்லாத்துக்கும் சரின்னு ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கிட்டேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா சார், என்ன கேக்குதுன்னு?"

நான் கத்திவிட்டேன். முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "எடம் மிச்சம் ஆச்சுன்னு சொன்னீங்களே, ஏன் மிச்சம் ஆச்சுன்னு யோசிக்க மாட்டீங்களா? அத்தனை கல்யாணமும் எங்க சார் போச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயந்தரம் குழலி வந்தாள். மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை வா என்று சொல்லி அனுப்பினேன். என் வாயில் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

ஜனவரி 7, சனி

சார் பழைய டிஸ்குகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தார். துடைத்த இடத்தில் அவரே புது டிசைன், பாட்டு எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார். அழிந்தது இனித் திரும்ப வராதாம்.

ஜனவரி 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சார், "கொஞ்ச நாள் இழுத்து வைம்மா, வெளில தெரிஞ்சா யாரு நம்மகிட்ட வருவா?" என்றார். நீங்களே இழுத்து வைங்க என்றேன். அவள் உள்ளே வந்ததும் அவர் பின்பக்கம் போய்விட்டார். போகட்டும். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று நினைத்தேன்.

தன் பேர் வந்ததும் முன்னால் குனிந்தாள். மானஸா வந்தாள். குழலி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது யாருக்கா?"

சொன்னேன். எப்படி நடந்தது, எப்படி அழிந்தது, எல்லாம். அவள் கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப அழிஞ்சுதுக்கா?"

"போன மாசம்."

"போன மாசமா..." என்றாள். "கேசு போட்டது அதுக்கு முன்னாடி. அப்பவே வந்திருக்கணும். வக்கீல் மேடம் சொன்னாங்க. கூச்சமா இருந்துச்சு, ஸ்டுடியோவுக்குப் போய் எப்படிக் கேக்கறதுன்னு."

எழுந்துகொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கல்யாணமே ஆகலன்னு அவங்க சொன்னாங்க. இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க."

அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். பின்பக்கத்திலிருந்து சார் வந்து, "போயிட்டாளா?" என்றார். அவருக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அப்போது அவரை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

ஜனவரி 10, செவ்வாய்

லீவு போட்டேன். அம்மா என்னடி என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

ஜனவரி 12, வியாழன்

சீனு அண்ணன் ஊரிலிருந்து வந்தார். கேட்டதும் சாரை அவர் திட்டின திட்டு இருக்கிறதே, அதை எழுதக் கூடாது. திட்டி முடித்துவிட்டு டீ குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கேசட்டைப் பாத்தீங்களா?" என்றார்.

"கேசட்டுலதான் மேல மேல எடுத்துட்டீங்களே அண்ணா. நாலு கல்யாணம் ஏறியிருக்கும்."

"கடைசி பத்து நிமிசத்துல ஏறியிருக்காதும்மா."

அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவை ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் தேய்ந்த கேசட் முடிகிற இடத்தில் சிக்கிக்கொண்டு இழுத்துவிட்டதாம். அன்றிலிருந்து, ஏற்கெனவே ஓடின கேசட் எதிலும் கடைசிப் பத்து நிமிடத்தை அண்ணன் தொடுவதே இல்லை. அதற்கு முன்னாலேயே வேறு கேசட் மாற்றிவிடுவார். அதனால் ஒவ்வொரு கேசட்டின் வாலிலும், அதில் முதல் முதலில் எடுத்தது என்னவோ அது அப்படியே இருக்கும்.

"கூரத்துக் கல்யாணம் எனக்கு ஞாபகம் இருக்குது. புதுக் கேசட்டு ஒண்ணுதான் எடுத்துக்கினு போனேன். சின்னக் கல்யாணம். ஆனா கடைசி வரைக்கும் ஓடிச்சான்னு தெரியல."

பழைய கேசட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். பரண் மேல் சாக்கில் என்றார். ஏறிப் பார்த்தேன். சாக்கு இல்லை.

சார்! நாளைக்குப் போகி. சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று உடைந்த ஸ்டாண்டு, பழைய பாய், தேய்ந்த வயரோடு அந்தச் சாக்கையும் வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார், விடிந்ததும் கொளுத்துவதற்கு. நான் ஓடிப்போய் அந்தச் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க் கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்று ஓடிவந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கலன்றைக்கு மட்டும் வீட்டில் இருந்தேன். மற்றபடி கேசட், கேசட், கேசட். கேமராவில் போடு, கடைசிக்கு ஓட்டு, பார், எடு. சீனு அண்ணனும் நானும் மாறி மாறி.

வால் பகுதியில் என்னதான் இருக்கிறது! சாப்பாட்டுப் பந்தி, இலை எடுக்கிற ஆயா, காலி நாற்காலி, தூங்குகிற மேளக்காரர், அப்பளம் கேட்டு அழுகிற குழந்தை. ஒன்றில் மாப்பிள்ளை ஒருவன் தனியாக நின்று வாயைத் துடைத்துக்கொண்டே கொட்டாவி விடுகிறான். எல்லாருடைய கல்யாணத்திலும் யாருக்கும் வேண்டாத பகுதி.

குழலி இல்லை.

ஜனவரி 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது! ஆனால் இதை எப்படி எழுதுவது?

சாயந்தரம் போட்ட கேசட்டில் முதலில் ஒன்றும் புரியவில்லை. தரை. தலைகீழாகத் தரை. செருப்பில்லாத கால்கள், மஞ்சள் பூசின கால் ஒன்று, பட்டு வேட்டிக் கரை, செம்மண், ஆட்டின் கால்கூட ஒரு தரம் குறுக்கே போகிறது. படம் ஆடிக்கொண்டே இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டோம் என்று நினைத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு யாரோ நின்றிருக்கிறார்கள். கேமரா அணையவில்லை, பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

எடுத்துவிடலாம் என்று பட்டனில் கை வைத்தேன். அப்போது சத்தம் கேட்டது. ஆட்டோ வந்து நிற்கிற சத்தம். ஒரு அம்மாள் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். அந்தக் குரல்:

"ஒரேய் பத்ரா! என்னடா பண்ணிட்ட! கட்டிட்டியேடா! நம்ம கடைக்குக் கூலிக்கு நெய்யறவன் பொண்ணு கழுத்துல தாலியைக் கட்டிட்டியேடா பாவி!"

சீனு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "கலை, இதான்மா. இதேதான். அந்தம்மா சண்டை போட வந்துச்சு. நிறுத்துப்பான்னு யாரோ சொன்னாங்க, நான் நிறுத்திட்டேன்னுதான் நினைச்சுக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் ஒரு ஆண் குரல். இளசு. நடுக்கமே இல்லை.

"ஆமா, கட்டிட்டேன். இப்ப இன்னான்ற? அவ எம் பொண்டாட்டி. உனக்கு வேணாம்னா இனிமே எனக்கு அம்மா இல்ல. போ."

பிறகு அழுகை. மஞ்சள் பூசின அந்தக் கால் இரண்டடி பின்னால் போகிறது. ஆட்டோ கிளம்புகிறது. தரை, தரை, தரை. கேசட் முடிந்துவிட்டது.

கல்யாணமே தெரியாது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்த அதே அம்மாள்! தாலி கட்டினது படத்தில் இல்லை. ஆனால் கட்டிவிட்டாயேடா என்று அவள் வாயாலேயே இருக்கிறது. சார் மூன்றாம் முறை கேட்டுவிட்டு, "பெருமாளே," என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

ஜனவரி 18, புதன்

குழலி வந்து கேசட்டைக் கேட்டாள். அம்மாள் குரலுக்கு அசையவே இல்லை. அவன் குரல் வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படிப் பேசினவருதான்கா," என்றாள். "இப்படிப் பேசினவரு."

அதன் பிறகு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, வெள்ளி

வக்கீல் பெருந்தேவி மேடம் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அவர் கேட்டுவிட்டு யோசித்தார். "முகம் தெரியல. கேசட்டு மேல பேரும் இல்ல. கேமராக்காரர் சாட்சி சொன்னாலும் ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்க. இருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை ரெண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடறேன். ஆரணிக்காரங்களும் வரணும்னு சொல்றேன். நீ கேமராவை எடுத்துண்டு வா, ஒரிஜினல் கேசட்டை அதுலயே போடணும்."

முகம் தெரியாது என்பது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

குழலியின் அப்பாவுக்குக் கடைக்காரர்கள் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். தறி சும்மா கிடக்கிறது.

ஜனவரி 23, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

மேடம் வீட்டு முன்னறை. ஒரு பக்கம் குழலியும் அவள் அம்மாவும். எதிர்ப்பக்கம் வீரபத்திரன், அவன் அம்மா, அவர்கள் வக்கீல். ஓரத்து நாற்காலியில் ஆரணியிலிருந்து வந்த பெண்ணின் அப்பா, மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு. நான் டிவியில் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தேன். அவனை அப்போதுதான் பார்த்தேன். பார்க்கச் சாதுவாக இருக்கிறான். மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். குழலி பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

போட்டேன். தரை, கால்கள், ஆட்டோ. அம்மாள் குரல் வந்தது. நேரில் இருந்த அம்மாள் முகத்தில் ஒன்றுமே இல்லை, கல். அவன் குரல் வந்தது. முடிந்தது.

எதிர் வக்கீல் சிரித்தார். "படத்தில் யார் முகமும் இல்லையே மேடம். நாலு காலைக் காட்டறீங்க. மேல யார் வேணா பேசி ஒட்டலாம்." மேடம் வீரபத்திரனைப் பார்த்து, இது உங்க குரலா என்று கேட்டார்.

அவன் தலையைத் தூக்காமலேயே சொன்னான். "என் குரல் இல்லீங்க. நான் அப்படி எங்கயும் பேசல. இப்பதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே."

முடிந்தது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் அவன் அம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

"பேசலயா?"

"அம்மா, சும்மா இரு."

"நீ பேசலயா? எனக்கு அம்மாவே இல்ல, போன்னு நடுரோட்டுல சொன்னியேடா. நாலு பேரு பாக்கச் சொன்னியேடா. மூணு வருசமா நான் தூங்கினேனா? சோத்துல கை வெக்கறப்ப எல்லாம் அந்தப் பேச்சுதான் வந்து நிக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒரு தரம், தப்பா சொல்லிட்டேம்மான்னு சொன்னியா? இப்ப நீ சொல்லவே இல்லன்றியே! வேற எவன்டா சொன்னான் என்னை?"

எதிர் வக்கீல், அம்மா, அம்மா, கொஞ்சம் உக்காருங்க என்கிறார். அவள் காதில் ஏறவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். அவள் கண்ணில் குழலி இல்லை, கேஸ் இல்லை, கடை இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. உலுக்கிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது போல. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆரணிக்காரர்தான் முதலில் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். குழலியின் அம்மாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அந்தப் பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

டிவி ஒயரைக்கூட எனக்குப் பிடுங்கத் தெரியவில்லை, மேடம்தான் பிடுங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 24, செவ்வாய்

அந்த அம்மாளை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. எனக்கு என்ன ஆச்சு?

ஜனவரி 28, சனி

2002 ஆவணியில் கூரத்தில் குழலிக்குத் தாலி கட்டினது உண்மைதான் என்று வீரபத்திரன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆரணிச் சம்பந்தம் அன்றைக்கே நின்றுபோனது.

சார் எல்லாக் கல்யாண வீட்டுக்கும் போன் போடுகிறார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, உங்களிடம் இருக்கிற சிடியை ஒரு நாள் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். பாதிப் பேர் திட்டுகிறார்கள். அவர் சரி, சரி என்று கேட்டுக்கொள்கிறார். சர்ச் கல்யாணக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாராம், அந்த மடிசார் வந்ததையும் ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள் என்று.

பிப்ரவரி 10, வெள்ளி

முகூர்த்த நாள். காலையிலிருந்து ஊரெல்லாம் மேளம். நாங்களும் ஓடினோம், உத்திரமேரூர் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது எனக்கு என்னவோ கண் கலங்கிவிட்டது. சீனு அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து முறைத்தார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

குழலி வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அந்தப் பதிவு இன்னொரு காப்பி வேண்டும் என்றாள்.

"இன்னும் எதுக்கும்மா? அதான் அவரே ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டாரே," என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். "திரும்பச் சேந்து இருக்கப் போறியா?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விவாகரத்துக்கு மனு போடறேன்கா. வக்கீல் மேடம் எல்லாம் ரெடி பண்ணிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை பாடுபட்டு, சாக்கைக் கட்டிப்பிடித்து, ஊரைக் கூட்டி, கட்டினது கட்டினதுதான் என்று நிரூபித்தது எல்லாம் எதற்கு? வாய்விட்டே கேட்டேன்.

"நடக்காத கல்யாணத்தை எந்தக் கோர்ட்டுலக்கா ரத்து பண்ணுவாங்க?" என்றாள். "அவங்க சொல்றபடி விட்டிருந்தா, வச்சிருந்தவளா வெளிய வந்திருப்பேன். நான் பொண்டாட்டியா இருந்துட்டு வெளிய வரேன். அந்தாள் வேணாம்னு நான் சொல்லிட்டு வரேன். அது வேறக்கா."

கேசட்டைப் போட்டு ஓடவிட்டேன். கூரத்துத் தரை ஓடியது. அவன் குரல் வருகிற இடத்தில் சத்தத்தைக் குறைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எவளோ ஒருத்தியின் கல்யாணத்தைக் கேட்பது போல முழுசும் கேட்டாள். சிடி வெளியே வந்ததும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.